டப்பாவில் ஈரம், துப்பில் குழப்பம்: ஜியோகேச்சிங் கேள்வி–பதில்

ஒருவர் ஒரு டப்பாவை ஓரிடத்தில் மறைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுகிறார். மற்றவர்கள் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டே போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரெழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கிறார்கள். ஜியோகேச்சிங் என்பது இவ்வளவுதான். ‘இவ்வளவுதானே’ என்று இறங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறோம். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கைப்பேசியில் தூரம் பூஜ்ஜியம் என்று காட்டுகிறது. டப்பா மட்டும் இல்லை. ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

பூஜ்ஜியத்தை நம்பியதுதான் தப்பு. திறந்த வெளியில்கூடக் கைப்பேசி காட்டும் இடம் 3 முதல் 5 மீட்டர் வரை தள்ளியிருக்கும். அடர்ந்த மரங்களுக்கடியிலும் உயரமான சுவர்களுக்கு நடுவிலும் 10 மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். மறைத்தவர் அளந்தபோதும் இதே பிழை இருந்திருக்கும் அல்லவா? உங்கள் பங்கு 5 மீட்டர், அவர் பங்கு 5 மீட்டர் என்று வைத்தால், நீங்கள் தேட வேண்டியது ஒரு புள்ளியை அல்ல. 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தை. அதன் பரப்பு 314 சதுர மீட்டர். பூஜ்ஜியம் காட்டிய ஒரே கல்லை நாற்பது முறை புரட்டுவதால் பயனில்லை.

இப்படிச் செய்து பாருங்கள். 30 மீட்டர் தள்ளி நின்று, அம்புக்குறி காட்டும் திசையில் நிதானமாக நேர்கோட்டில் நடந்து வாருங்கள். கோடு எந்த மரத்தை, எந்தப் பாறையைத் தொடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு செங்குத்தான வேறொரு திசையிலிருந்து அதே போல வாருங்கள். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தொடங்கி வெளிப்பக்கமாகத் தேட வேண்டும். நின்ற இடத்திலேயே சுழன்றால் அம்புக்குறி தப்பாகக் காட்டலாம். நீங்கள் நகரும்போதுதான் அது நம்பும்படி திசை சொல்லும். பேட்டரி சேமிப்பு முறையை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது சில கைப்பேசிகள் இருப்பிடத்தை விட்டுவிட்டுத்தான் புதுப்பிக்கும்.

10 மீட்டருக்குள் வந்ததும் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். இயற்கை தன் குச்சிகளை இணையாக அடுக்காது. பாசி படர்ந்த பக்கம் கீழே போய், மண் ஒட்டிய பக்கம் மேலே இருக்கும் கல், வேருக்கடியில் அளவாகச் செருகிய மரப்பட்டை, பலகையின் பின்னால் ஒன்று மட்டும் புதிதாக மின்னும் திருகு, பாதையே இல்லாத இடத்தில் புல் மிதிபட்டு ஒரு மரத்தடியில் போய் முடியும் தடம் ஆகியவற்றைத் தேடுங்கள். கையை விடுவதற்கு முன் குச்சியை விடுங்கள். பொந்துகளில் டப்பாவுக்கு முன்பே வேறு யாராவது குடியிருக்கலாம்.

கிளம்பும் முன்பே கேச்சின் (மறைத்த டப்பாவை இப்படித்தான் சொல்வார்கள்) இணையப் பக்கத்தில் நான்கு விஷயங்களைப் படித்திருக்க வேண்டும்: டப்பாவின் அளவு, கடின எண் (தேடுவது எவ்வளவு கடினம்), நில எண் (போய்ச் சேருவது எவ்வளவு கடினம்), கடைசிப் பத்துப் பதிவுகள். நில எண் 1.5 என்றால் மரமேற வேண்டாம். அளவு ரெகுலர் (1 லிட்டருக்கு மேல்) என்றால் சுவர் இடுக்கில் விரல் விட்டுத் துழாவ வேண்டாம். கடைசி நான்கு பேரும் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தால், டப்பாவே அங்கே இல்லாமல் போயிருக்கலாம்.

கிடைக்காவிட்டால் அதையும் பதிவு செய்ய வேண்டுமா? கௌரவக் குறைச்சலாக இருக்கிறதே!

செய்யத்தான் வேண்டும். ‘டிஎன்எஃப்’ என்று சொல்வார்கள்: தேடினேன், கிடைக்கவில்லை. டப்பா தொலைந்துவிட்டது என்று மறைத்தவருக்குத் தெரியவருவது இந்தப் பதிவுகளால்தான். எத்தனை நேரம், எங்கெங்கே தேடினீர்கள் என்று எழுதினால் இன்னும் உதவி. ஆனால் காருக்குள் உட்கார்ந்து எட்டிப் பார்த்துவிட்டு டிஎன்எஃப் போடாதீர்கள். அது தேடல் அல்ல.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. கிடைக்கவில்லை என்பதால் தன்னிடமிருந்த ஒரு டப்பாவை அங்கே வைத்து, அதில் கையெழுத்துப் போட்டு ‘கண்டுபிடித்தேன்’ என்பவர்கள் இருக்கிறார்கள். பழைய டப்பா பத்தடி தள்ளி நலமாக இருக்கும். அதன்பின் ஒரே கேச்சுக்கு இரண்டு டப்பா, இரண்டு நோட்டு. யார் எதைக் கண்டுபிடித்தார் என்பதே தெரியாது. மறைத்தவர் கேட்டுக்கொண்டால் ஒழிய டப்பாவை மாற்றி வைக்காதீர்கள்.

இது எப்போது தொடங்கியது?

ஜிபிஎஸ் சமிக்ஞையில் பொதுமக்களுக்காக வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நீக்கியது. அதுவரை 100 மீட்டர்வரை தள்ளிக் காட்டிய கருவி ஒரே இரவில் பல மடங்கு துல்லியமானது. மறுநாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டுக்கு அருகே ஒரு கறுப்பு வாளியில் சில பொருள்களை வைத்து மறைத்து, இடத்தை இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். ‘ஜியோகேச்சிங்’ என்ற பெயர் அதே மாதக் கடைசியில் வந்தது. ஜியோகேச்சிங்.காம் அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது.

ஜிபிஎஸ் இல்லாத மூதாதை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு நிலத்தில் 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, நடந்து வந்து சேர்பவர்கள் தங்கள் முகவரிச் சீட்டைப் போட்டுவிட்டுப் போக ஒரு புட்டியை வைத்தார். ‘லெட்டர்பாக்சிங்’ அதிலிருந்து வளர்ந்தது. இன்றைக்கும் ‘லெட்டர்பாக்ஸ் ஹைப்ரிட்’ வகை கேச்சில் ஒரு ரப்பர் முத்திரை இருக்கும். அது பரிசுப் பொருள் அல்ல, டப்பாவோடு இருக்க வேண்டியது. எடுத்துப் போய்விடாதீர்கள்.

முதல் முறையாக மறைக்கப் போகிறேன். என்ன டப்பா வாங்குவது?

வாங்குவதற்கு முன் டப்பாவுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மழை கொட்டியதால் மட்டும் போவதில்லை, டப்பாவே உறிஞ்சிக்கொள்கிறது. வெயிலில் 40 டிகிரி வரை சூடான டப்பா மீது திடீரென்று மழை பெய்து 20 டிகிரிக்கு இறங்குகிறது என்று வையுங்கள். உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 6 சதவீதம் குறையும். இது டப்பாவை அறுபது சென்டிமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் முக்கியதற்குச் சமம். மூடியைச் சுற்றி நிற்கும் ஈரத்தை இந்த அழுத்தம் உள்ளே இழுத்துவிடும். ‘மூடி இறுக்கமாகத்தானே இருந்தது’ என்று எழுதியிருக்கும் வாசகர்களுக்கு இதுதான் பதில். இறுக்கம் வேறு, அடைப்பு வேறு. மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவில் நசுங்கிக்கொடுக்கும் ரப்பரோ சிலிக்கோனோ இருந்தே ஆக வேண்டும்.

அந்தக் கணக்கில் முதலிடம் ராணுவத் தோட்டாப் பெட்டிக்குத்தான். கனமான எஃகு, தடித்த ரப்பர் வாஷர், நெம்பி மூடும் கொக்கி. பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் மேலே உள்ள ராணுவ எழுத்துகளைப் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டு, ‘ஜியோகேச்’ என்று பெரிதாக எழுதாமல் வெளியே வைக்காதீர்கள். வழிப்போக்கர் யாராவது பார்த்துவிட்டால் அடுத்து வருவது வெடிகுண்டு நிபுணர்களாக இருக்கும்.

அடுத்தது, நான்கு பக்கமும் மடக்கிப் பூட்டும் சாப்பாட்டு டப்பா. சிலிக்கோன் வளையம் இருப்பதால் நன்றாக அடைக்கும். பலவீனம் அதன் பூட்டு மடல்களின் கீலில். வெயில் படும் இடத்தில் அந்த பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கி, ஒரு மடல் உடைந்ததும் அந்த மூலையில் வாஷர் நசுங்காமல் நிற்கும். நிழலில் வையுங்கள், அல்லது துணி நாடா சுற்றுங்கள். நாடாவைச் சுற்றும்போது மூடிக்குத் தனியாகவும் உடலுக்குத் தனியாகவும் சுற்ற வேண்டும். விளிம்பில் ஒரு நூலிழை மாட்டினாலும் போதும், அது திரி போலத் தண்ணீரை இழுக்கும்.

சின்ன டப்பா வேண்டுமென்றால் பெட் குழாய். குளிர்பானப் புட்டியை ஊதிப் பெரிதாக்குவதற்கு முந்தைய நிலை அது: தடித்த சுவர், திருகு மூடி, புட்டி மூடியின் அடைப்பு. சோதனைக்குழாய் போல இருக்கும். கீழே விழுந்தாலும் உடையாது. மைக்ரோ என்ற சின்ன அளவுக்கு இதைவிடச் சிறந்த, எளிய டப்பா இல்லை என்பது எங்கள் கருத்து.

ஃபிலிம் டப்பியைப் பழைய பாசத்தில் பலர் இன்னும் கேட்கிறார்கள். அழுத்தி மூடும் அதன் மூடியில் வாஷர் கிடையாது. மேலே சொன்ன உறிஞ்சும் வேலையை அழகாகச் செய்யும். கூரைக்கடியில் என்றால் சரி. அலுமினியக் குழாய் வகையில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருக்கும், ஆனால் மறையில் மணல் புகுந்தால் பாதி திருகியதும் சிக்கிக்கொள்ளும். ஆள் ‘மூடிவிட்டேன்’ என்று நினைத்துப் போய்விடுவார். ஓ-ரிங் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று பார்த்து, சிறிது சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் சில ரப்பர்கள் ஊதிவிடும்.

பிஸ்கட் தகரம், ஐஸ்கிரீம் டப்பா, கண்ணாடிப் புட்டி மூன்றும் வேண்டவே வேண்டாம். முதலாவது துருப்பிடிக்கும், இரண்டாவது நெளியும், மூன்றாவது உடைந்து கையைக் கிழிக்கும்.

எதை வாங்கினாலும் ஒரு சோதனை: உள்ளே டிஷ்யூ காகிதத்தையும் முழுகுவதற்கு ஒரு கல்லையும் போட்டு மூடி, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள். உடனே குளிர்ந்த தண்ணீர் வாளிக்கு மாற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் திறக்கும் முன் வெளியே நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விளிம்புத் தண்ணீர் உள்ளே சொட்டி உங்களை ஏமாற்றும். டிஷ்யூ மொறமொறவென்றிருந்தால் டப்பா தேறியது.

நல்ல டப்பாதான் வைத்தேன். ஆறே மாதத்தில் நோட்டு கூழாகிவிட்டது. சிலிக்கா ஜெல் போடலாமா?

நல்ல டப்பா நனைவதற்கு முக்கியக் காரணம் டப்பா அல்ல, உள்ளே இருக்கும் ஜிப் பை. டப்பாவை நிறைக்கும் அளவு பையைப் போட்டால், அவசரமாக மூடும் ஒருவர் அதன் ஓரத்தை மூடியில் கடிக்க விட்டுவிடுவார். அந்த மடிப்பின் வழியே நேராகத் தண்ணீர் போகும். பை டப்பாவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. பரிசுப் பொருள்களைத் திணித்து மூடியைத் தூக்கிப் பிடிக்கவும் விடாதீர்கள்.

சிலிக்கா ஜெல் கணக்கைப் பார்ப்போம். 30 டிகிரியில் முழு ஈரப்பதமான காற்றில் லிட்டருக்கு 0.03 கிராம் நீராவிதான் இருக்கிறது. ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை நீரை ஏற்கும். 5 கிராம் பொட்டலம் என்றால் ஒன்றரை கிராம் சொச்சம். ஆக, திறந்து மூடும்போது நுழையும் ஈரக்காற்றை அது சில காலம் சமாளிக்கும். ஆனால் வாஷரில் கசிவிருந்தால் அந்த ஒன்றரை கிராம் ஒரே மழையில் தீர்ந்துவிடும். அதன்பின் ஜெல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பஞ்சுதான். கசிவை அடைக்காமல் ஜெல் போடுவது, ஓட்டை வாளிக்கடியில் துணி விரிப்பது மாதிரி.

நோட்டுக்கு நீர்புகாத் தாள் அல்லது கல்லைப் பொடித்துச் செய்யும் ‘ஸ்டோன் பேப்பர்’ கிடைத்தால் வாங்குங்கள். சாதாரணத் தாள் என்றால் பேனா வேண்டாம். பென்சில் கரி நனைந்தாலும் கரையாது. லேசர் அச்சு நிற்கும், இங்க்ஜெட் கரையும். நீளவாக்கில் சுருட்டி வைக்கும் நோட்டு டப்பாவின் உட்குழலைவிட 2 மில்லிமீட்டராவது குறுகலாக இருக்கட்டும், இல்லையென்றால் எடுக்கும்போதே கிழியும்.

காந்தம் ஒட்டிய டப்பா வேலிக்கம்பியிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது.

மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, கம்பி காந்தத்துக்குப் பிடிபடாத அலுமினியமோ சிலவகைத் துருப்பிடிக்காத எஃகோ ஆக இருக்கலாம். வீட்டிலிருந்தே ஒரு காந்தத்தைக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இரண்டு, செங்குத்துப் பரப்பில் காந்தம் பிடித்து நிற்பதில்லை, சறுக்குகிறது. 4 கிலோ இழுவை தாங்கும் என்று எழுதியிருந்தால் அது நேரே பிய்த்து இழுப்பதற்கான கணக்கு. சறுக்கலுக்குக் கால் பங்கு தாங்கினாலே நல்லது. மேலிருந்து தொங்குமாறு கிடைப்பரப்பின் அடியில் ஒட்டுங்கள், அல்லது காந்தத்தின் முகத்தில் மெல்லிய ரப்பர் தாளை ஒட்டுங்கள். பிடி கொஞ்சம் குறையும், சறுக்கல் பெரிதும் குறையும்.

மூன்றாவது, பசை. சாப்பாட்டு டப்பாக்களின் பாலிப்ரொப்பிலீனிலும் பாலிஎத்திலீனிலும் சாதாரண எபாக்ஸி ஒட்டுவதே இல்லை. காய்ந்ததும் தோல் போல உரிந்துவிடும். காந்தத்தை டப்பாவின் உட்பக்கம் வைத்து மேலே ஒரு தகட்டை ஒட்டி அழுத்துவது சிறந்தது. பிளாஸ்டிக் சுவர் நடுவில் வருவதால் பெரிய காந்தமாக வேண்டும். 2 மில்லிமீட்டர் இடைவெளியே பிடியைக் கணிசமாகக் குறைத்துவிடும். வெளியே வைக்கத்தான் வேண்டுமென்றால், நியோடிமியக் காந்தத்தின் நிக்கல் பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் உள்ளிருந்தே துருவேறி உப்பிப் பொடியாகும். காந்தம் முழுவதையும் எபாக்ஸியால் மூடிவிடுங்கள். ஓட்டை போட்டுத் திருகு வைத்தவர்கள், அந்த ஓட்டையை அடைத்தீர்களா என்று ஒருமுறை வாளிச் சோதனை செய்து பாருங்கள்.

மின்பெட்டி, சிக்னல் பெட்டி போன்றவற்றில் எதையும் ஒட்டாதீர்கள். தேடுபவர் கதவைத் திறந்து கையை விடுவார்.

இடத்தின் எண்களைச் சரியாக எடுப்பது எப்படி? என் கேச்சைத் தேடியவர்கள் எல்லோரும் ‘25 மீட்டர் தள்ளியிருக்கிறது’ என்கிறார்கள்.

ஒரே ஒரு தடவை எடுத்திருப்பீர்கள். கைப்பேசியை டப்பா இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் கழித்து முதல் எண்ணைக் குறியுங்கள். 40, 50 மீட்டர் நடந்து போய்த் திரும்பி வேறு திசையிலிருந்து வந்து அடுத்ததைக் குறியுங்கள். பத்து முறை இப்படிச் செய்யுங்கள். வேறொரு நாள், வேறொரு நேரத்தில் இன்னொரு பத்து. செயற்கைக்கோள்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், ஒரே சமயத்தில் எடுத்த ஐம்பது அளவும் ஒரே பிழையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும்.

அட்சரேகையின் கடைசி மூன்று இலக்கங்கள் 512, 514, 513, 529, 512 என்று வந்தால், 529 ஐயத்துக்குரியது. நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது வடக்கு–தெற்காக 1.85 மீட்டர், ஆக அந்த அளவு 30 மீட்டர் விலகியிருக்கிறது. பக்கத்துச் சுவரிலோ பாறையிலோ பட்டுத் தெறித்து வந்த சமிக்ஞையாக இருக்கும். அதைத் தள்ளிவிட்டு மற்றதைச் சராசரியாக்கினால் 513. கிழக்கு–மேற்கில் இந்த 1.85 மீட்டர் பூமத்திய ரேகையில்தான் பொருந்தும். 60 டிகிரி அட்சத்தில் பாதியாகிவிடும்.

இன்னொரு பழைய வியாதி, எழுதும் முறை. ஜியோகேச்சிங்கில் வழக்கம் டிகிரியும் தசம நிமிடமும். 12° 34.500′ என்பதும் 12° 34′ 30″ என்பதும் 12.575° என்பதும் ஒரே இடம். ஆனால் 34.500-ஐ ‘34 நிமிடம் 50 விநாடி’ என்று படித்தால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடுவீர்கள். இடத்தைக் கணக்கிடும் குறிப்பு முறை, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 தானா என்று கருவியின் அமைப்பிலும் பாருங்கள்.

கடைசியில், எண்களை ஜியோகேச்சிங்.காம் தளத்தில் ஏற்றிய பின் அதே எண்களை வேறொரு கருவியில் போட்டு, புதிதாக வருபவர் போல நடந்து போங்கள். பாதிப் பிழைகள் தட்டச்சுப் பிழைகளே.

என் கேச்சை வெளியிட மறுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் நல்ல இடம்!

எண்ணுடன் சொன்ன காரணம் 161 மீட்டராக இருந்தால்: ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் அந்த அளவு தூரம் வேண்டும். பல கட்டமுள்ள (ஒரு இடத்தில் கிடைக்கும் குறிப்பு அடுத்த இடத்தைக் காட்டும்) கேச்சின் இடைநிலை டப்பாக்களும், புதிர் (விடுவித்தால்தான் உண்மையான இடம் தெரியும்) கேச்சின் உண்மையான டப்பாவும் இதில் அடங்கும். அவை வரைபடத்தில் தெரியாது என்பதால், ‘காலியாகத்தானே இருந்தது’ என்று தோன்றும். மறைப்பதற்கு முன்பே அந்தப் பகுதிக்கான சரிபார்ப்பாளரிடம் எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிடலாம். அவர்கள் சம்பளத்துக்கு அல்ல, விருப்பத்துக்கு வேலை செய்பவர்கள். மரியாதையாகக் கேட்டால் பதில் வரும்.

மற்ற காரணங்கள்: நில உரிமையாளரின் அனுமதி இல்லை, குழி தோண்டியிருக்கிறீர்கள், மரத்தில் ஆணி அடித்திருக்கிறீர்கள், பள்ளிக்கூடம், ரயில் பாதை, ராணுவ இடம் அருகில் இருக்கிறது, அல்லது விடுமுறைக்குப் போன ஊரில் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கடைசிக் காரணத்தைப் பலர் அநியாயம் என்கிறார்கள். டப்பா உடைந்தால் யார் போய்ப் பார்ப்பது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

எப்படிப்பட்ட கேச்சை ‘நல்ல கேச்’ என்பீர்கள்?

தளத்தில் கட்டண உறுப்பினர்கள் தாங்கள் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு பத்துக்கும் ஒன்றுக்கு விருப்பப் புள்ளி தரலாம். அந்தப் புள்ளிகள் குவிந்திருக்கும் கேச்களைத் திறந்து பதிவுகளைப் படியுங்கள். ‘கண்டுபிடிக்கவே முடியவில்லை, அவ்வளவு கடினம்’ என்று யாரும் புகழ்வதில்லை. ‘இந்த இடம் இருப்பதே தெரியாது’ என்றோ, ‘டப்பா திறக்கும் விதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்’ என்றோ எழுதுவார்கள்.

எனவே ஒரு சோதனை: டப்பாவே இல்லாவிட்டாலும் ஒரு நண்பரை அந்த இடத்துக்குக் கூட்டிப் போவீர்களா? போவேன் என்றால் இடம் சரி. எளிதாகவே மறையுங்கள், பெரிய டப்பாவாக வையுங்கள். இடம் சுமார்தான் என்றால் டப்பா ஏதாவது செய்தாக வேண்டும்: கப்பியில் ஏறி இறங்குவது, தண்ணீர் ஊற்றினால் மிதந்து மேலே வருவது, உள்ளீடற்ற போலித் திருகாணி, பறவைக் கூட்டின் பொய்த்தரை. இரண்டும் இல்லாத இடத்தில், குப்பை நிறைந்த புதருக்குள் மிகச் சிறிய நானோ டப்பா ஒன்றைப் போட்டு ‘கடினம் 4’ என்பது யாருக்கும் நன்மையில்லை. ஊசியை வைக்கோற்போரில் போடுவதற்குத் திறமை வேண்டியதில்லை.

இடம் கொடுக்கும் மிகப் பெரிய டப்பாவை வையுங்கள். நானோவில் (10 மில்லிக்குக் கீழ்) கையெழுத்து மட்டும். 1 லிட்டருக்கு மேற்பட்ட ரெகுலரில் பரிசும் பயணப் பொருளும் (கேச்சுக்குக் கேச் மாறிப் போவது) பென்சிலும் கொள்ளும்.

கடின எண், நில எண் எப்படிப் போடுவது?

இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். கடின எண் மூளைக்கும் கண்ணுக்கும். நில எண் காலுக்கு. நிலம் 1 என்றால் சக்கர நாற்காலியில் வருபவர் டப்பாவைத் தொட முடிய வேண்டும்; ஒரே ஒரு படி இருந்தாலும் 1.5. நிலம் 5 என்றால் படகோ கயிறோ முக்குளிக்கும் கருவியோ வேண்டும். 2008-இல் ரிச்சர்ட் கேரியட் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு கேச் வைத்தார். அதற்கும் நிலம் 5 தான், அதற்கு மேல் எண் இல்லை. பெருமைக்காகக் கூட்டிப் போடாதீர்கள். குழந்தையோடு வருபவர் இந்த எண்ணை நம்பித்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்.

துப்பைத் தமிழில் எழுதினேன். மறைக்காமல் அப்படியே காட்டிவிடுகிறதே?

காட்டத்தான் செய்யும். விரும்புபவர் மட்டும் திறந்து பார்க்கும்படி தளம் துப்பை மறைக்கும் ராட்13 முறை, 26 ரோமன் எழுத்துகளில் ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளி மாற்றுகிறது. தமிழ் எழுத்தை அது தொடுவதே இல்லை. தமிழ்த் துப்பை மறைக்க வேண்டுமென்றால் ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதுங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது எந்த மொழியானாலும் மறையாது.

துப்பு துப்பாக இருக்கட்டும். ‘மரத்தடியில்’ என்று காட்டுக்குள் எழுதுவது கேலி. ‘இரட்டைத் தண்டு, முழங்கால் உயரம், வடக்குப் பக்கம்’ என்றால் மழையில் நிற்பவர் வாழ்த்துவார். தேடல் தீர்ந்துபோய்விடுமே என்ற கவலை வேண்டாம். வேண்டாதவர் துப்பைத் திறக்கப் போவதில்லை.

புதிர் கேச்சைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எங்கே தொடங்குவது?

விடையில் பாதி உங்களுக்கு முன்பே தெரியும். புதிர் கேச்சில் பொய்யாகக் காட்டும் புள்ளிக்கும் உண்மை இடத்துக்கும் இடையே வழக்கமான எல்லை 3.2 கிலோமீட்டர். அட்சரேகையில் அது 1.7 நிமிடத்துக்கும் சற்று மேல். எனவே டிகிரி அப்படியே இருக்கும், நிமிடம் ஒன்றிரண்டுதான் மாறும். முழு விடையில் 15 இலக்கங்கள்: அட்சத்துக்கு 2, 2, 3; தீர்க்கத்துக்கு 3, 2, 3. இவற்றில் ஒன்பது ஏறத்தாழத் தெரிந்தவை, ஆறுதான் தெரியாதவை.

ஆகவே முதலில் பக்கத்தில் எது 15 இருக்கிறது என்று எண்ணுங்கள். 15 படமா, 15 வரியா, 15 நிறமா? முதல் நான்கும் உங்கள் ஊர் டிகிரி, நிமிடத்தோடு பொருந்துகிறதா என்று வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்தில் ஒரே இலக்கம் வர வேண்டிய இடத்தில் ஒரே குறி வந்தால் சாவி கைக்கு வந்துவிட்டது. அடிக்கடி வருபவை: எழுத்தின் வரிசை எண், மோர்ஸ், பிரெய்ல், கொடி அசைவு, மின்தடையின் நிறப்பட்டை, தனிமங்களின் அணு எண், பழைய கைப்பேசி விசைப்பலகை. தலைப்பு வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அதுதான் முதல் துப்பு. சரிபார்க்கும் பொத்தான் இருந்தால் அதில் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.

புதிர் அமைப்பவர்களுக்கு: ஒரே ஒரு ‘அட!’ போதும். ஐந்து மறைகுறிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அது புதிரல்ல, குமாஸ்தா வேலை. விடை தெரியாத ஒருவரிடம் கொடுத்து அவர் தீர்ப்பதைப் பேசாமல் பாருங்கள். இரண்டாவது சரியான விடை இருப்பதை அவர்தான் கண்டுபிடிப்பார்.

பல கட்ட கேச்சில் எல்லோரும் இரண்டாம் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

‘எத்தனை ஜன்னல்?’, ‘எத்தனை படி?’ என்று கேட்டிருப்பீர்கள். மேல்தளம் படிக்கணக்கில் சேர்த்தியா என்று இரண்டு பேர் ஒத்துப்போக மாட்டார்கள். கல்வெட்டில் பொறித்த ஆண்டு போன்ற, மாறாத, எண்ண வேண்டாத எண்ணைக் கேளுங்கள். அ + ஆ = 12 என்று வந்தால் ஒரே இலக்க இடத்தில் அதை எப்படி எழுதுவது என்பதையும் சொல்லுங்கள்; சூத்திரத்தில் 10-ஐத் தாண்டாதபடி அமைப்பது இன்னும் நல்லது. எல்லா இலக்கங்களின் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் கொடுங்கள். ‘இங்கிருந்து 60 டிகிரி திசையில் 1 கிலோமீட்டர்’ என்று கையில் திசைகாட்டியோடு அனுப்பாதீர்கள்: 1 டிகிரி பிழை அங்கே 17 மீட்டராகிவிடும், காந்த வடக்கா உண்மை வடக்கா என்ற குழப்பம் வேறு.

டப்பாவிலிருந்து என்ன எடுக்கலாம், என்ன வைக்கலாம்?

எடுத்தால் அதே மதிப்போ அதற்கு மேலோ உள்ள ஒன்றை வையுங்கள். தின்பண்டம், வாசனை மெழுகுவர்த்தி, சோப்பு வேண்டாம். விலங்குகள் டப்பாவைக் கடித்துத் திறக்கும். கத்தி, தீப்பெட்டி, மது, மருந்து கூடாது. எண் பொறித்த தகடோ நாணயமோ இருந்தால் அது பரிசல்ல, பயணப் பொருள்: எடுத்தால் வேறொரு கேச்சுக்குக் கொண்டுபோய் வைத்து, தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதன் எண்ணைப் படமெடுத்துப் பொதுவில் போடாதீர்கள். போட்டால், பார்க்காதவர்களும் பார்த்ததாகப் பதிவு செய்வார்கள்.

முதலில் கண்டுபிடித்தவருக்கு என்ன தருவார்கள்?

நோட்டின் முதல் வரி. சிலர் ஒரு சின்ன நாணயம் வைப்பார்கள். நள்ளிரவில் வண்டியை எடுத்துக்கொண்டு பாய்பவர்களுக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

ஊர் மாறப் போகிறேன். மறைத்து வைத்த நான்கு கேச்களை என்ன செய்வது?

பக்கத்தில் இருக்கும், அக்கறையுள்ள ஒருவருக்குத் தத்துக் கொடுக்கலாம். தளத்தில் அதற்கு வழியிருக்கிறது. நிரந்தரமாக மூடிய கேச்சைப் பிறகு யாருக்கும் மாற்ற முடியாது என்பதால், மூடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஏற்பவர் கிடைக்காவிட்டால் முதலில் டப்பாவை எடுங்கள், அதன்பின் பக்கத்தை மூடுங்கள். பலர் வரிசையை மாற்றிச் செய்து, இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். பல கட்ட கேச்சில் கடைசி டப்பா மட்டும் அல்ல, இடையில் ஒட்டிய எண் தகடுகள், காந்தங்கள், மரத்தில் கட்டிய கம்பி எல்லாமும் திரும்ப வர வேண்டும். கிளையில் சுற்றிய கம்பியை அவிழ்க்காமல் விட்டால், மரம் தடிக்கத் தடிக்க அது பட்டைக்குள் புதைந்துவிடும்.